பனிக்கு அடியில் அத்தான்

"கயிறு கையில இருந்தா போதும் மாப்ள, மத்ததெல்லாம் தன்னால நடக்கும்" என்று தங்கதுரை அத்தான் எப்போதும் சொல்லுவார். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் துவாரத்துக்குள் இறங்கிப் போய்விடுவார். மேலே நிற்கிறவனுக்கல்லவா தெரியும், கயிறு கையில் இருக்கும்போது மனசு எந்தச் சந்தைக்கெல்லாம் போய்விட்டு வருகிறது என்று. சுடலைமணி உறைந்த ஏரியின்மேல் கால்களை அகட்டி நின்றுகொண்டிருந்தான். லடாக்கின் மலைகளுக்கு நடுவே, பூமிக்கே மொட்டைமாடி மாதிரி ஓர் இடம். வெயில் கண்ணைக் குத்தியது, ஆனால் தோலில் உறைக்கவில்லை. வேலைக்கு வந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி வெயில். அவன் காலடியில் இடுப்பளவு கனத்தில் பனிக்கட்டி, அதற்குக் கீழே அடி தெரியாத தண்ணீர், அந்தத் தண்ணீருக்குள் ஆராய்ச்சிக்குப் பாசி எடுக்க இறங்கிய, அவனுடைய அக்கா இசக்கியின் புருஷன். முக்கோணமாக அறுத்த துவாரத்தின் ஓரத்தில் ரிக்சின் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊர்க்காரர். ஜீப் ஓட்டுகிறவர் அவர், சமைக்கிறவர் அவர், துவாரத்துத் தண்ணீரின்மேல் பாலாடைபோலப் படியும் புதுப்பனியை ஜல்லிக்கரண்டியால் அரித்து வெளியே போடுகிறவரும் அவர்தான். பஜ்ஜி அரிக்கிற கரண்டி, திருநெல்வேலிக் கடையில் அத்தானே பார்த்து வாங்கி வந்தது. கயிற்றுக்கென்று ஒரு பாஷை உண்டு. மேலிருந்து ஒரு இழுப்பு போனால் 'நல்லா இருக்கியளா' என்று கேள்வி. கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால் 'நல்லா இருக்கேன்' என்று பதில். இரண்டு என்றால் கயிறு விடு, மூன்று என்றால் வருகிறேன் இழு. விடாமல் இழுபட்டால் எமன் வந்திருக்கிறான், அதற்கு எண்ணிக்கை பார்க்க வேண்டியதில்லை. இந்த நாலு வார்த்தையைத் தவிர வேறெதையும் கயிற்றில் சொல்ல முடியாது. 'அக்கா உங்களை விட்டுப் போய்விட்டாள்' என்பதைக் கயிற்றில் சொல்ல முடியாது. அதை அவர் மேலே வந்ததும் வாயால்தான் சொல்ல வேண்டும், மணிதான் சொல்ல வேண்டும். நேற்றிலிருந்து அது தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. சோறு உருட்டி விழுங்கினாலும் இறங்கவில்லை.

காலையில் டீ குடிக்கும்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தான், "சீனி போதுமா அத்தான்" என்று வந்தது. அப்புறம் அந்தக் கனத்த உடுப்பை மாட்டிவிடும்போது சொல்லியிருக்கலாம். ஆனால் தண்ணீருக்குள் போகிறவன் மனசில் பாரம் ஏற்றி அனுப்பக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது, இப்போதுதான் உண்டாக்கிக்கொண்டானோ என்னவோ. கோழைக்கு விதிகள் சுலபமாகக் கிடைக்கும். அத்தான் வேறு யார் கையிலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார். வேலைபார்க்கும் ஆராய்ச்சி நிலையத்தில் பாதுகாப்புக்கென்று ஓர் அதிகாரி, வடக்கத்திக்காரர், கயிறு பிடிக்கிறவருக்குப் பயிற்சிச் சான்றிதழ் உண்டா என்று கேட்டார். அத்தான் மணியின் தோளில் கையைப் போட்டு, "இவன் என் பெண்டாட்டியோட கூடப்பொறந்த தம்பி சார், இதுக்குமேல என்ன சர்ட்டிபிகேட்" என்றார். அதிகாரி திருதிருவென்று விழித்தார். அத்தானுக்கோ கதை சொல்ல ஆள் கிடைத்த குஷி. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும் என்று எங்கள் பக்கம் ஒரு சொலவடை உண்டு என்று ஆரம்பித்தார். மலைத்தேன் எடுக்கப் பாறையில் கயிறு கட்டி இறங்குகிறவன் மேலே அண்ணன் தம்பியை நிறுத்த மாட்டான், அவர்களுக்குப் பங்கு ஆசை வரும். பெண்டாட்டியின் உடன்பிறந்தவனைத்தான் நிறுத்துவான், அவன் தன் அக்காள் தாலியைத் தானே அறுப்பானா? அதிகாரி சிரித்து ஒப்புக்கொண்டார். பிறகு மணி பயிற்சிக்கும் போய்த் தேறி வந்தான், அது வேறு விஷயம். அத்தானுக்கு முதல் சர்ட்டிபிகேட்தான் பெரிசு. அது நேற்றுச் சாயங்காலத்தோடு காலாவதி ஆகிவிட்டது என்று இந்த ஏரியில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், மணிக்கும் மணியின் வயிற்றுக்கும்.

நேற்றுச் சாயங்காலம் சிக்னல் மேட்டில்தான் அந்தச் செய்தி வந்தது. ஏரிக்கரையிலிருந்து ஜீப்பில் ஏறிப் போனால் ஒரு மேடு, அங்கே நின்றால்தான் ஃபோனில் கோடு தெரியும். கோடு தெரிந்த இடத்தில் ஒரு கல்லை வைத்திருக்கிறார்கள், அந்தக் கல்லில் ஏறி ஒற்றைக்காலில் நிற்காத குறையாகப் பேச வேண்டும். அத்தான் வரவில்லை. மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்க மனமில்லை, "உங்க அக்காவ விசாரிச்சதாச் சொல்லு மாப்ள" என்று குனிந்தபடியே சொன்னார். விசாரித்ததாகச் சொல்வதும் விசாரிப்பதும் ஒன்று என்று எந்த ஊரில் கற்றாரோ. அக்கா எடுத்த எடுப்பிலேயே, "ஏல மணி, நான் நம்ம வீட்டுக்கு வந்துட்டேன்" என்றாள். அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டான். "அம்மைக்கு ஒண்ணுமில்ல. நான் மொத்தமா வந்துட்டேன்ல. இனிமே அங்க போறதா இல்ல." சண்டையா என்று கேட்டான். "சண்டையா? சண்டை போடுததுக்காவது எதிர்ல ஒரு ஆளு இருக்கணும்லா?" என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை, அதுதான் அவனைப் பயமுறுத்தியது. அழுதிருந்தால் தேற்றியிருப்பான், கணக்குத் தீர்த்துப் பெட்டியைப் பூட்டினவள் மாதிரிப் பேசுகிறவளை என்ன சொல்லித் தேற்றுவது? "நீயே அவர்ட்ட சொல்லிரு. நான் சொன்னா 'ம்' ம்பாரு. அந்த 'ம்'மக் கேக்கதுக்கு எனக்கு இனி தெம்பு இல்லல." பிறகு காற்று அடித்தது, கோடு போய்விட்டது. கல்லில் இருந்து இறங்கி ஜீப்பில் உட்கார்ந்தான். ரிக்சின் ஏதாவது கெட்ட செய்தியா என்று இந்தியில் கேட்டார். "இல்ல, வீட்டு விஷயம்" என்றான், ஏதோ வீட்டு விஷயத்தில் கெட்டது இருக்காது என்பதுபோல.

கயிறு கொஞ்சம் நகர்ந்தது, இரண்டு இழுப்பு. அவன் விட்டான். அத்தான் பனி மூடின பக்கம் போகிறார். ஏரியின் ஒரு பாதியில் காற்று பனித்தூளைப் பெருக்கித் தள்ளிவிட்டுக் கண்ணாடித் தரை போட்டிருக்கிறது. அங்கே வெளிச்சம் கீழே இறங்கும், பனிக்கட்டியின் அடிப்பக்கம் பாசி தலைகீழாகப் பயிர் ஆகித் தொங்கும், அதெல்லாம் முன்பே பார்த்ததுதான். மறுபாதியில் பனித்தூள் முழங்கால் ஆழத்துக்குக் கிடக்கிறது. அதற்கு அடியில் இருட்டு. அங்கே ஏதாவது விளையுமா என்பதுதான் இந்த வருஷத்துக் கேள்வி, ஒன்றும் இருக்காது என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் சொல்லியாயிற்று, அத்தான் மட்டும் இருக்கும் இருக்கும் என்று கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி அலைகிறார். போனவாரம் ரிக்சின் உபகாரமாக இருக்கட்டுமே என்று ஒரு விளக்குமாற்றை எடுத்து அந்தப் பக்கத்துப் பனியைப் பெருக்கத் தொடங்கிவிட்டார். அத்தான் ஓடிப்போய்த் தடுத்து, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இருட்டுக்குப் பழகினதுகள், சட்டென்று வெளிச்சம் விழுந்தால் தாங்காது, பொசுங்கிப் போகும் என்று அந்த மனிதருக்குப் பொறுமையாக விளக்கினார். அப்படியானால் எப்படிச் சொல்வது? சட்டென்று சொன்னால் பொசுங்கிப் போகிற ஒருத்தரிடம் எப்படிச் சொல்வது? கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கலாமா, அத்தான் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று தொடங்கி, மனசு சரியில்லை என்று போய், அங்கிருந்து... சீ, செத்த வீட்டுத் தந்தி மாதிரி. அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. கீழே இருக்கிற அதுகளை முதன்முதலில் அவனுக்குக் காட்டியவரும் அத்தான்தான், அப்போது அவர் அத்தான் இல்லை, கல்லூரியில் வாத்தியார். லென்ஸில் கண்ணை வைத்தபோது நகையாசாரியின் மேஜையைத் தட்டிவிட்ட மாதிரி இருந்தது: படகு வடிவம், மாத்திரை வடிவம், சின்னச் சின்னச் சங்கிலி. டயட்டம் என்று பெயர், கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசி. ஒவ்வொன்றும் தனக்குத்தானே கண்ணாடியில் ஒரு வீடு கட்டி அதற்குள் குடியிருக்கிறது, சோப்பு டப்பா மாதிரி ஒரு பெட்டியும் ஒரு மூடியும். இரண்டாகப் பிரிகிற நேரம் வந்தால் ஆளுக்கு ஒரு பாதியை எடுத்துக்கொள்ளும். இல்லாத மறுபாதியை ஒவ்வொன்றும் உள்ளேயே செய்துகொள்ளும், உள்ளே செய்வதால் அது கொஞ்சம் சிறிசாகத்தான் அமையும். அடுத்த தடவை பிரியும்போது இன்னும் சிறிசு. இப்படியே சிறுத்துச் சிறுத்து, இனிச் சிறுக்க முடியாது என்ற இடம் வந்ததும் ஒருநாள் இருக்கிற வீட்டையே உதறிப்போட்டுவிட்டு வெறும் உயிராக வெளியே வந்து, ஊதிப் பெரிதாகி, முதலிலிருந்து பெரிய வீடாகக் கட்டும். அன்றைக்கு அதை என்ன ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டு நின்றான். அக்காவுக்கு இதைச் சொன்னதும் அவள் தோசை வார்த்துக்கொண்டே, "சிறுத்தது போதும்னு அதுக்கே தெரியுது பாரு" என்றாள். எப்போது சொன்னாள்? கல்யாணமாகி எத்தனையாவது வருஷம்? தோசைக்கல்லின் சத்தம் ஞாபகம் இருக்கிறது, வருஷம் ஞாபகமில்லை.

ரிக்சின் பனியை அரித்து வெளியே போட்டார், அது வெயிலில் உப்புப் பொரிகிற மாதிரிச் சிணுங்கியது. இந்தக் கண்ணாடிப் பக்கத்தில் காலையில் பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரே தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்து, ஒன்றை அப்படியே விட்டு, மற்றதைக் கறுப்பு டேப்பால் முழுக்கச் சுற்றிவிடுவார்கள். வெளிச்ச பாட்டிலில் இருக்கிற உயிர்கள் மூச்சை, அதாவது பிராணவாயுவை, உண்டாக்கவும் செய்யும், செலவழிக்கவும் செய்யும். இருட்டு பாட்டிலில் இருப்பவை செலவு மட்டும் செய்யும், வரவு கிடையாது. சாயங்காலம் எடுத்து இரண்டையும் கழித்துப் பார்த்தால் இந்த ஏரி இன்றைக்கு எவ்வளவு உயிரை விளைவித்தது என்று தெரிந்துவிடும். ஒரு மனுஷிக்கும் இப்படி ஒரு கணக்குப் போடலாமென்றால்... வேண்டாம், மணி, இந்தப் பக்கம் போகாதே. ஆனால் மனசு எப்போது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது, அது போயே விட்டது, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியின் வராந்தாவுக்கு. பச்சைப் பெயிண்ட் அடித்த சுவர், பினாயில் வாசனை, மடியில் பிளாஸ்க். உள்ளே அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டி, சாதாரணக் கட்டிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார், சாதாரணக் கட்டிக்கு ஏன் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்று அவனுக்குப் புரியவில்லை. அத்தான் தெற்கே ஏதோ ஒரு கப்பலில். வந்திருக்க முடியாதா? முடியாதுதான், கப்பலை நடுக்கடலில் நிறுத்தி இறங்க முடியாது. ஆனால் அறுவைச் சிகிச்சை தேதி அந்தக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே குறித்தாயிற்றே. ஃபோன் வந்தது. "நல்லபடியா முடிஞ்சுதா மாப்ள? நல்லது, நல்லது" என்றார், அதே மூச்சில், கப்பலைச் சுற்றிக் கடல் முழுக்கப் பாசி பச்சையாகப் பூத்திருக்கிறது, கண்கொள்ளாக் காட்சி, நீ பார்க்கவில்லையே என்றார். மயக்கம் தெளிந்ததும் அக்கா கேட்டாள், அவர் என்ன சொன்னார் என்று. "உன்னைத்தாங்கா கேட்டாரு. உன்னையவேதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு" என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நம்பினாளா? அவளுக்குப் பொய் தெரியும், சின்ன வயசிலிருந்தே அவன் பொய் சொன்னால் காது சிவக்கும் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். அன்றைக்கு அவள் அவனுடைய காதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள்.

இப்போது காது குளிரில் சிவந்திருக்கிறது, குல்லாவை இழுத்துவிட்டான், வலது கையைக் கயிற்றிலிருந்து எடுக்காமல். கயிற்றின் அந்த முனையில் அந்த மனிதர் மல்லாந்து மிதந்துகொண்டு பனிக்கட்டியின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருப்பார், ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் ஒரு துளி பாசியை உறிஞ்சி எடுப்பார், குழந்தைக்குக் கண்மை வைக்கிற பக்குவம். அந்தப் பக்குவத்தில் கால்வாசி வீட்டில் இருந்திருந்தால்! கோபம் வந்தது. நிஜமாகவே வந்தது. இந்தக் கையை இப்போது விரித்தால் என்ன? ஒன்றும் ஆகாது, பனியில் முளையடித்துக் கயிற்றின் கடைசியைக் கட்டியிருக்கிறது, ஆனாலும் விரித்தால் என்ன என்று நினைத்ததே போதும், அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அக்காவே வேண்டாமென்று விட்டபிறகு நான் யார் இந்தக் கயிற்றைப் பிடிக்க? இவர் எனக்கு யார்? வாத்தியார் என்ற கணக்கில் பிடிக்கலாமா? வெறும் மனுஷன் என்ற கணக்கில்? சட்டென்று ஓர் எண்ணம், அக்கா போனாலும் இந்த மனிதரை என்னால் விட முடியாதே, அப்படியானால் நான் அக்காவுக்குத் துரோகியா? இரண்டு பேரிலும் ஒருத்தரை எடுத்துக்கொள் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை, ஆனாலும் யாரோ சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. அவனுக்கு இரண்டு பேரையும் பிடிக்கும், அவ்வளவுதான் விஷயம், அதைச் சொல்வதற்கு ஓர் இடம் இல்லை. வெயில் பனியில் பட்டு எழும்பியது, காற்று மெலிந்த இடம், சும்மா நின்றாலே தலை லேசாகி மிதக்கும். கால் கீழே உறைந்த தண்ணீர் என்பது மறந்துபோனது. அவனே உள்ளே இருந்தான். மேலே பால்வெள்ளையாகக் கூரை, கூரையிலிருந்து பச்சையும் பழுப்புமாக வயல், நாற்றெல்லாம் கீழ்நோக்கி ஆடுகிறது. அதற்கு நடுவே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கூனி இறால்பொடி மாதிரி என்னவோ நீந்தி மேய்கிறது. ஒவ்வொரு நாற்றிலும் கோடிக் கண்ணாடி வீடு, ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு ஏற்றின மாதிரிப் பொட்டுப் பொட்டாகத் தங்கநிறம். அந்த வீட்டுக்காரர்கள் அரவமே இல்லாமல் மூச்சை உண்டாக்கி உண்டாக்கிக் குமிழியாகக் கூரையில் ஒட்டவைக்கிறார்கள், யாருக்கு என்று கேட்டால் யாருக்குமில்லை. ஒரு வீட்டுவாசலில் அக்கா உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "என்னல, இங்க வந்துட்ட? மேல யாரு பிடிச்சிருக்கா?" என்றாள்.

திடுக்கிட்டு விழித்தான். கண் திறந்தேதான் இருந்தது, விழிப்புத்தான் இல்லை. எவ்வளவு நேரம்? கயிறு கையில் அசையாமல் கிடந்தது. கேட்டாயிற்றே, நல்லா இருக்கியளா என்று ஒரு இழுப்பு கொடுத்தேனே, கொடுத்து எவ்வளவு நேரமாகிறது, பதில் எங்கே? கையில் இன்னும் இழுத்த உணர்ச்சி இருக்கிறது, முழங்கையை மடக்கினது நினைவிருக்கிறது, பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் மறுபடி கேட்க வேண்டும், அதற்கும் வராவிட்டால் இன்னொரு தடவை, பிறகுதான் இழுக்க வேண்டும், பயிற்சியில் மனப்பாடம் செய்ததுதான். அதெல்லாம் எந்த மூளைக்கு ஞாபகம் வரும்? காற்றுக் குழாய் உறைந்திருக்கும். பனிக்கட்டியின் கீறலில் சிக்கியிருப்பார். என் கை தளர்ந்ததே, ஒரு நிமிஷம் விரிக்கலாமா என்று நினைத்தேனே, அந்த நினைப்பே கயிறு வழியாகப் போய்விட்டதா? சுடலைமாடா, என் அக்கா வேண்டாமென்று சொன்னாலும் எனக்கு வேணும், எனக்கு இந்த ஆள் வேணும், கொடுத்துவிடு. அவன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பனியில் காலை ஊன்றி இழுத்தான், விடாமல் இழுத்தான், எமனுக்கான இழுப்பு. முதலில் பாறையை இழுப்பதுபோல் இருந்தது, அந்த ஒரு கணம் கீழே இருக்கிறவர் இவன் பக்கம் வருகிறவராகவே தோன்றவில்லை. பிறகு கயிறு இளகி வந்தது. ரிக்சின் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து பின்னால் பிடித்தார், என்ன என்ன என்று கத்தினார். "கேட்டேன், பதில் இல்ல!" என்று மணி தனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினான். "எப்போ கேட்டீங்க?" என்றார் ரிக்சின், இழுத்துக்கொண்டே. "நான் உங்க கையைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன் மணி சாப். நீங்க இழுக்கவே இல்லையே." மணிக்கு ஒரு கணம் எல்லாம் நின்றுபோனது. இழுக்கவில்லை. இழுத்ததாக நினைத்திருக்கிறான். கேட்காத கேள்விக்குப் பதில் வரவில்லை என்று பதறிப்போய் மனுஷனைப் பாதி வேலையில் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான், காலையிலிருந்து எடுத்த பாசியெல்லாம் இந்நேரம் கை நழுவி ஏரியின் அடிக்குப் போயிருக்கும், ஒரு வருஷத்துக் கேள்வி போயிற்று. நிறுத்தலாமா என்று கை தயங்கியது. தயங்கினதே தவிர நிற்கவில்லை.

அத்தானின் தலை துவாரத்தில் எழும்பியது. இரண்டு பேருமாகக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் பனிமேல் போட்டார்கள். முகமூடியைக் கழற்றினால் உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது, ஆனால் மூச்சு சீராக வந்தது, எங்கும் ஒரு கீறல் இல்லை. கை வெறுமையாக இருந்தது. ரிக்சின் கம்பளியைப் போர்த்திவிட்டு டீ கொண்டுவரக் கூடாரத்துக்கு ஓடினார்.

"மன்னிச்சிருங்க அத்தான்," என்றான் மணி. அழுகை முட்டியது. "உங்க மேல தப்பில்ல. நான்தான் கிறுக்கன் மாதிரி... கேட்டதா நினைச்சுக்கிட்டேன். நான் கேக்கவே இல்ல."

அத்தானுக்குக் குளிரில் நாக்கு மரத்திருந்தது. "இருக்கட்டும்," என்றார். பிறகு, "அங்கயும் இருக்கு மாப்ள. பனிக்கு அடியில, அந்த இருட்டுலயும் இருக்கு. கொஞ்சூண்டு வெளிச்சந்தான். அதை வச்சே பிழைச்சுக் கிடக்கு."

அதைக் கேட்டதும் மணிக்கு இனித் தாங்காது என்று ஆகிவிட்டது. பெருக்குவதாவது, கொஞ்சம் கொஞ்சமாவது.

"அக்கா அம்மை வீட்டுக்குப் போயிட்டா அத்தான். மொத்தமா. இனி வரமாட்டாளாம்."

"ம்," என்றார் அத்தான்.

"'ம்'மா? அவ்வளவுதானா? அவ சொன்னா, இப்படித்தான் சொல்லுவியன்னு சொன்னா! நான் ராத்திரியெல்லாம் தூங்கல தெரியுமா? உங்கள எப்படித் தாங்கிப் பிடிக்கன்னு..."

"தெரியும் மாப்ள." அவர் கம்பளிக்குள்ளிருந்து துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தீவாளிக்குப் போனப்பவே தெரியும். சட்டை எடுக்கப் பீரோவைத் தெறந்தேன். என் சட்டை மட்டுந்தான் தொங்குச்சு. அவ சேலை ஒண்ணுகூட இல்ல, எல்லாம் கட்டிலுக்கு அடியில பெட்டியில இருந்துச்சு."

"பாத்துட்டு?"

"பீரோவைச் சாத்திட்டேன்."

"ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலியா?"

"கேட்டா பதில் சொல்லிருவாளே மாப்ள," என்றார்.

மணி பனியில் அப்படியே உட்கார்ந்தான். காற்று பனித்தூளை ஏரிமேல் மெல்லத் தள்ளிக்கொண்டு போனது. கூடாரத்தில் ரிக்சின் ஸ்டவ்வைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

"காலையில நீ சீனி போதுமான்னு கேட்டியே, அப்பவே உன் மூஞ்சில தெரிஞ்சுது," என்றார் அத்தான். "மேல வந்தா நீ சொல்லுவ. கீழ அந்தப் பச்சைக்கு அடியில மல்லாந்து கிடந்தேன். சிரிஞ்சு எப்ப நழுவுச்சுன்னு தெரியல, நீ இழுக்கதுக்கு ரொம்ப முன்னாடியே போயிட்டு. ஒரு சத்தமில்ல. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. காத்து எவ்வளவு மிச்சமிருக்குன்னு பாக்கணும், பாக்கத் தோணல. இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்னு... வரணுமான்னு இருந்துச்சு மாப்ள. நீ இழுத்துட்ட."

மணிக்குப் பயம் இப்போதுதான் வந்தது, எல்லாம் முடிந்தபிறகு. அத்தான் இடுப்புக் கச்சையில் கயிற்று முடிச்சைத் தேடினார். விரல் மரத்துப்போய் நிமிண்ட முடியவில்லை.

"அவுத்து விடு மாப்ள."

"அவுக்க மாட்டேன். எந்திரிங்க. சிக்னல் மேட்டுக்குப் போவோம்."

அவரைத் தோள்கொடுத்து எழுப்பி ஜீப் பக்கம் நடத்திக்கொண்டு போனான். முளையிலிருந்து உருவின கயிறு பின்னாலேயே பனியில் இழுபட்டு வந்தது. ரிக்சின் டீயோடு வெளியே வந்து, பாட்டில்களை என்ன செய்வது, சாயங்காலத்துக்குள் எடுக்காவிட்டால் இன்றைய கணக்கு வீணாகிவிடுமே என்று கத்தினார். வழக்கமாக அதற்கு முதலில் திரும்புகிறவர் அத்தான். அவர் திரும்பவில்லை.

"உங்க அக்காட்ட நான் என்னத்தச் சொல்ல?" என்றார், பாதி தூரத்தில் நின்று.

"ஒண்ணும் சொல்லாண்டாம் அத்தான்," என்றான் மணி. "கேளுங்க. அவ சொல்லி முடிக்கது வரைக்கும் ஃபோனை வச்சிராதிய."